ரிப்போர்ட்டில் நார்மல், சாயங்காலமானால் தலைவலி

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"என் வீட்டுக்காரருக்கு 41 வயது. ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் பருத்தி போட்டிருக்கிறோம். மற்றபடி ஊரில் யார் கூப்பிட்டாலும் டேங்க் கணக்கில் மருந்தடிக்கப் போவார். பருத்தி, மக்காச்சோளம் இரண்டுக்கும் அடிப்பார். புரட்டாசியிலிருந்து வாரத்தில் நாலைந்து நாள் இதே வேலைதான். ஒரு மாதமாக வீடு திரும்பினால் தலைவலி, குமட்டல், கண் மங்கல். மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்தார்கள். கோலினெஸ்டரேஸ் 5,800, இயல்பு அளவு 5,300 முதல் 12,900 வரை என்று ரிப்போர்ட் வந்தது. 'நார்மல்தான், வெயிலில் நிற்பதால் வருகிற தலைவலி' என்று மாத்திரை கொடுத்தார்கள். நார்மல் என்றால் இவருக்கு ஏன் இப்படி ஆகிறது? திரும்ப டெஸ்ட் எடுக்கணுமா? எத்தனை நாளுக்கு ஒரு தடவை எடுக்கணும்? எப்போதாவது குடிப்பார், அதனால் இருக்குமா? நான்தான் கூடவே போய்த் தண்ணீர் மொண்டு ஊற்றுவேன், மருந்துத் துணியையும் நான்தான் துவைப்பேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை."

மருத்துவரின் பதில்:

சகோதரி, உங்கள் வீட்டுக்காரரை இன்றைக்கே மருந்தடிக்கிற வேலையிலிருந்து நிறுத்துங்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். அந்த ரிப்போர்ட்டை வைத்து அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. இன்னும் சொல்லப்போனால், அந்த ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு எதையுமே சொல்ல முடியாது.

முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவர் மருந்தடித்துவிட்டு வந்து தலைவலி என்று சொல்லும் சாயங்காலம், விளக்குப் போடுவதற்கு முன்னால் இருவரும் திண்ணையில் எதிரெதிரே உட்காருங்கள். அவருடைய கண்ணின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டத்தைப் பாருங்கள். உங்கள் கண்ணை அவர் பார்க்கட்டும், இல்லாவிட்டால் ஒரு கண்ணாடியில் நீங்களே பாருங்கள். வெளிச்சம் குறையும்போது யாருக்கும் அந்த வட்டம் விரியவேண்டும். உங்களுடையது மிளகு அளவுக்கு விரிந்து, அவருடையது கடுகு மாதிரிச் சுருங்கியே இருந்தால், 'வெயில் தலைவலி' என்ற பேச்சே வேண்டாம். சுருங்கிய கண்மணி வழியே வெளிச்சம் போதுமான அளவு உள்ளே போகாது. சாயங்காலத்தில் கண் மங்குகிறது என்று அவர் சொல்வது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். வெயிலில் வருகிற தலைவலி கண்மணியைச் சுருக்காது. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். கண்மணி சுருங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. விரிந்திருந்தால் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

சரி, இந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது?

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற உங்களுக்கு இது எளிதாகப் புரியும். பாத்திக்கு மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் பாயும். பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் மண்ணை இழுத்து மடையை அடைக்க ஒரு ஆள் வேண்டும். நம் நரம்பு ஒவ்வொரு முறை தசைக்கோ சுரப்பிக்கோ கட்டளை தரும்போதும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைத் திறந்துவிடுகிறது. அதைச் சிதைத்து மடையை அடைக்கிற ஆள்தான் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. குளோர்பைரிஃபாஸ், புரொஃபெனோஃபாஸ், மோனோகுரோட்டோஃபாஸ், அசிபேட், குயினால்ஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்த ஆளின் கையைக் கட்டிப்போட்டுவிடும். மடை திறந்தபடியே கிடக்கும். எச்சில், கண்ணீர், வியர்வை, நெஞ்சில் சளி எல்லாம் கரைபுரளும். வயிறு முறுக்கும், தசை துடிக்கும், கண்மணி சுருங்கும். பூச்சி சாவதும் இதே வழியில்தான். அதன் நரம்பிலும் இதே ஆள்தான் மடையடைக்கிறான்.

கார்போஃபியூரான், மெத்தோமில், தயோடைகார்ப் என்று இன்னொரு வகை உண்டு, கார்பமேட் என்பார்கள். இதுவும் கையைக் கட்டும். ஆனால் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தானே அவிழ்த்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் போட்ட கட்டு பெரும்பாலும் அவிழாது. உடம்பு புதிதாக ஆளைத் தயார் செய்தாக வேண்டும்.

நரம்பு முனையிலிருந்து நொதியை எடுத்துப் பார்க்க வழி இல்லை. அதனால் ரத்தத்தில் இருப்பதைப் பார்க்கிறோம். ரத்தத்தில் இது இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று சிவப்பணுக்களின் மேல். நரம்பில் இருக்கும் அதே நொதிதான் இது, அதனால் நரம்பின் நிலைமையை ஓரளவு நம்பகமாகக் காட்டும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கெட்டுப்போன நொதியோடு இருக்கும் பழைய அணுக்கள் போய்ப் புதியவை வர வேண்டும் என்பதால், இந்த அளவு நாளொன்றுக்குச் சுமார் 1 சதவீதம் என்ற வேகத்தில்தான் மேலே ஏறும். இன்னொன்று சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில் இருப்பது. கல்லீரல் சுரக்கும் இந்த நொதி கொஞ்சம் வேறு வகை. மருந்து பட்டால் சீக்கிரம் இறங்கும், சில வாரங்களில் மீளும். முகாமில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பார்த்தது இந்தச் சீரம் அளவைத்தான். அவர்கள் தந்திருக்கும் இயல்பு அளவைப் பார்த்தாலே தெரிகிறது. பெரும்பாலான ஆய்வகங்களில் கோலினெஸ்டரேஸ் என்று கேட்டால் இதைத்தான் செய்வார்கள். சிவப்பணு டெஸ்ட் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது.

இப்போது அந்த 5,800க்கு வருவோம்.

5,300 முதல் 12,900 வரை என்பது ஊரில் ஆரோக்கியமாக இருக்கும் பலரையும் சோதித்து, 'மனிதர்களுக்கு இது இங்கேயிருந்து அங்கே வரை இருக்கும்' என்று போட்ட எல்லை. எவ்வளவு அகலமான எல்லை என்று பாருங்கள், மேல்நுனி கீழ்நுனியைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே இருக்கிறது. ஒருவருக்குப் பிறவியிலேயே 6,000 இருக்கும், இன்னொருவருக்கு 11,000. இரண்டு பேரும் நல்ல ஆரோக்கியமானவர்கள். 80 கிலோ இருந்த ஒருவர் ரெண்டே மாதத்தில் 55 கிலோவுக்கு வந்து நின்றால், '55 கிலோ ஒரு மனிதனுக்கு நார்மல் எடைதானே' என்று நீங்கள் சும்மா இருப்பீர்களா? கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடமாட்டீர்களா? இதுவும் அப்படித்தான். உங்கள் வீட்டுக்காரர் ஆடி மாதத்தில் 6,200 இருந்து இப்போது 5,800 என்றால் பயப்பட ஏதுமில்லை, அந்த அளவு ஏற்ற இறக்கம் யாருக்கும் இருக்கும். 10,000 இருந்து 5,800க்கு வந்திருந்தால் 42 சதவீதம் போய்விட்டது. இரண்டு கதைக்கும் ரிப்போர்ட் ஒன்றுதான், 'நார்மல்' என்ற முத்திரையும் ஒன்றுதான்.

முகாமில் இருந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் மருத்துவமனைகளில் இந்த டெஸ்ட் யாருக்கு எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு அவசர சிகிச்சைக்குத் தூக்கி வரப்படுகிறவர்களுக்கு. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ராத்திரி ராத்திரியாக அந்த ரிப்போர்ட்டுகளைத்தான் பார்த்திருக்கிறேன். 300, 450, 'அளவிட முடியாத அளவுக்குக் குறைவு'. அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 5,800 நல்ல எண்ணாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. குடித்தவருக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஒற்றை எண் போதும். மாதக்கணக்கில் தோல் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறவருக்குப் போதாது. அவருக்குப் பழைய எண் ஒன்று வேண்டும். அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடவே வெகுநாள் ஆனது.

கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அளவு சட்டென்று பாதிக்குக் கீழே போனால் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். வாரக்கணக்கில் மெல்ல இறங்கினால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும், பெரிதாகத் தொந்தரவு தெரியாது. 'இத்தனை வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் பண்ணாது' என்று சொல்கிற ஆட்களை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலர் கையிருப்பு முழுவதும் கரைந்த நிலையில் நிற்பவர்கள். வழக்கமான அதே பத்து டேங்க்தான், அன்றைக்கு மட்டும் வரப்பிலேயே சுருண்டு விழுவார்கள்.

இதனால்தான் இந்த டெஸ்ட்டை முறையாகப் பயன்படுத்துகிற இடங்களில் ஆய்வகத்தின் எல்லையை வைத்து முடிவு செய்வதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1974 முதலும், ஆப்பிள், செர்ரி தோட்டங்கள் நிறைந்த வாஷிங்டன் மாநிலத்தில் 2004 முதலும் இதற்குச் சட்டவிதி இருக்கிறது. சீசன் தொடங்குவதற்கு முன், குறைந்தது 30 நாள் இந்த மருந்துகளைத் தொடாமல் இருக்கும்போது ரத்தம் எடுத்து அந்த ஆளுடைய அடிப்படை அளவைக் குறித்துவைக்கிறார்கள். சீசனில் திரும்பத் திரும்ப எடுத்து அதோடு ஒப்பிடுகிறார்கள். 20 சதவீதம் குறைந்தால் அவர் எப்படி மருந்து கலக்கிறார், எப்படி அடிக்கிறார் என்று போய்ப் பார்க்க வேண்டும். சிவப்பணு அளவு 30 சதவீதமோ சீரம் அளவு 40 சதவீதமோ குறைந்தால் அவரை மருந்திலிருந்து விலக்கியாக வேண்டும். பழைய அளவில் 80 சதவீதத்துக்கு ஏறிய பிறகுதான் திரும்ப விடலாம்.

உங்கள் வீட்டுக்காரருக்குப் பழைய எண் இல்லையே என்றால், அதற்கும் ஒரு வழி உண்டு, பின்னாலிருந்து முன்னால் போகிற வழி. மருந்தை முழுக்க நிறுத்திவிட்டு எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. இந்த வாரமே ஒரு முறை, முடிந்தால் சீரம், சிவப்பணு இரண்டும். நாலு வாரம் கழித்துச் சீரம். எட்டு வாரத்தில் இன்னொரு முறை. ஏறுவது நின்று ஒரு இடத்தில் நிலைத்தால் அதுதான் அவருடைய சொந்த அளவு. உதாரணத்துக்கு 8,900இல் போய் நின்றது என்று வையுங்கள். அப்படியானால் முகாமில் எடுத்த அன்று அவர் 35 சதவீதம் குறைவாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார். எட்டு வாரம் கழித்தும் 5,900, 6,000 என்றே இருந்தால், சீரம் அவருக்கு இயல்பிலேயே அவ்வளவுதான் போலும் என்று எடுத்துக்கொண்டு தலைவலிக்கு வேறு காரணம் தேடலாம். சிவப்பணு அளவு முழுதாக ஏற மூன்று, நான்கு மாதம் பிடிக்கும், அதற்குப் பொறுமை வேண்டும்.

எல்லா முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறையும் கருவியும் மாறும், எண்ணும் மாறும். பெரம்பலூரில் ஒன்று, திருச்சியில் ஒன்று என்று எடுத்து ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் மருந்தால் வந்ததா மெஷினால் வந்ததா என்றே தெரியாது. போவதற்கு முன் குளித்துத் துவைத்த உடுப்பு போட்டுப் போகட்டும், கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவட்டும். தோலில் மருந்து ஒட்டியிருந்து ஊசி வழியே ரத்தத்தில் கலந்தால் குழாய்க்குள்ளேயே நொதி செத்துவிடும். சர்க்கரை பார்க்க எடுக்கிற சாம்பல் மூடிக் குழாயில் இதற்கு ரத்தம் எடுக்கக் கூடாது. அதில் இருக்கும் ஃபுளோரைடும் இந்த நொதியை அடக்கும். அதே குழாயிலிருந்து இதையும் பார்த்துவிடலாம் என்று சில இடங்களில் நினைப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கார்பமேட் மருந்து அடித்திருந்தால் அன்றைக்கே எடுத்து, ரத்தத்தைக் குளிர்ச்சியில் வைத்து, தாமதமில்லாமல் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டு அவிழ்ந்து எண் நல்லபடியாக வந்துவிடும்.

குடிப்பழக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எப்போதாவது குடிப்பதால் இது இறங்காது. ஆனால் குடியால் கல்லீரல் கெட்டிருந்தால் சீரம் அளவு மருந்தே படாமலும் குறையும். அதனால் முதல் முறை ரத்தம் எடுக்கும்போது கல்லீரல் டெஸ்ட்டும் ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள். சத்துக்குறைவிலும், பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலும் சீரம் அளவு குறையும். பிறவியிலேயே மிகக் குறைவாக இருக்கும் குடும்பங்களும் உண்டு. நம் பக்கத்தில் ஆரிய வைசியர் சமூகத்தில் இது கூடுதலாகக் காணப்படுவது மயக்க மருந்து நிபுணர்களுக்கு நன்றாகத் தெரியும். அறுவை சிகிச்சையின்போது தரும் ஒரு தசைத்தளர்வு மருந்தைச் சிதைக்க இதே நொதிதான் வேண்டும் என்பதால் அவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்வார்கள்.

இந்த டெஸ்ட் பார்க்காத விஷயமும் நிறைய இருக்கிறது. மக்காச்சோளத்துக்கும் அடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 2018இல் படைப்புழு வந்த பிறகு உங்கள் மாவட்டத்தில் மக்காச்சோளக் குருத்துக்குள் அடிப்பது பெரும்பாலும் எமாமெக்டின், குளோரன்ட்ரானிலிப்ரோல் போன்றவை. இவை கோலினெஸ்டரேஸைத் தொடுவதில்லை. சைபர்மெத்ரின் வகையும் தொடாது, இமிடாகுளோப்ரிட் வகையும் தொடாது, பெரும்பாலான களைக்கொல்லிகளும் தொடாது. இவற்றை வருஷம் முழுக்க அடித்து உடம்பு கெட்டாலும் இந்த எண் அசையாது. முகத்தில் ஊசி குத்துகிற மாதிரி எரிச்சல் வந்தால் அது சைபர்மெத்ரின் குடும்பத்தின் வேலையாக இருக்கலாம், அதற்கு இந்த ரிப்போர்ட்டில் பதில் தேடக் கூடாது.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க வேதியியல் படிக்க வேண்டாம். மருந்துப் பாட்டிலோடு மடித்து ஒட்டியிருக்கும் துண்டுத்தாளைத் தூக்கிப் போடாமல் பிரித்துப் பாருங்கள். பல மொழிகளில் பொடி எழுத்தில் இருக்கும், தமிழும் இருக்கும். விஷமுறிவு மருந்து என்ற இடத்தில் ஆட்ரோபின் என்று போட்டிருந்தால் அது கோலினெஸ்டரேஸைக் கட்டுகிற மருந்து. இல்லையென்றால் வேறு வகை. பாட்டிலில் இருக்கும் சாய்சதுரத்தின் நிறத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பது விஷத்தின் கடுமையைக் காட்டும் வரிசை மட்டும்தான். கடைக்காரர் 'ரெண்டையும் சேர்த்து அடிங்க' என்று கொடுத்தால் இரண்டு தாளையும் பாருங்கள். ஒரே பாட்டிலில் புரொஃபெனோஃபாஸும் சைபர்மெத்ரினும் கலந்தே வருகிற சரக்கும் பருத்திக்கு நிறைய ஓடுகிறது.

இப்போது உங்களைப் பற்றி. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், தண்ணீர் மொண்டு ஊற்றுவதும் துணி துவைப்பதும் நீங்கள்தான் என்று. தண்ணீரை டேங்கில் ஊற்றும்போது மருந்து ஏற்கனவே உள்ளே இருக்கிறதா? ஊற்றுகிற வேகத்தில் அது மேலே தெறிக்குமே. மூடியில் அளந்து ஊற்றுவது யார்? தண்ணீர் கலக்காத மருந்தைத் தொடுகிறவருக்கு, நாள் முழுக்கத் தெளிப்பவருக்குக் குறையாத ஆபத்து உண்டு. 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அடுத்த முறை அவரோடு நீங்களும் ரத்தம் கொடுங்கள். கர்ப்பமாகவோ பால் கொடுக்கிறவராகவோ இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மருந்துத் துணியைப் பிள்ளைகள் துணியோடு ஊறவைக்காதீர்கள். தனி வாளியில், கையுறை போட்டு அலசி, வெயிலில் காயப்போடுங்கள்.

அவர் வேலை செய்கிற விதத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் பார்த்த மாதிரியே சொல்ல முடியும். டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்துபோய், குனியும்போதெல்லாம் முதுகில் வழிகிறது. நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுகிறார். லுங்கி தொடைவரை நனைந்திருக்கிறது, அதோடே மதியச் சோறு சாப்பிடுகிறார். இதில் எல்லோரும் பயப்படுவது மூக்கில் ஏறுகிற வாடைக்கு. ஆனால் வயலில் மருந்து உடம்புக்குள் போகிற பெரிய வாசல் தோல்தான். அதிலும் எல்லாத் தோலும் ஒன்றல்ல. பாரத்தியான் என்ற மருந்தை வைத்துச் செய்த பழைய ஆய்வில், விதைப்பைத் தோல் முன்கைத் தோலைவிடப் பத்து மடங்குக்கும் மேலே உறிஞ்சியது. கூச்சப்பட்டுக்கொண்டு இதை யாரும் சொல்வதில்லை. நனைந்த லுங்கிதான் முதலில் மாற வேண்டியது, முகத்தில் கட்டுகிற துண்டு அதற்குப் பிறகு. துண்டு நனைந்தால் அதுவே மருந்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பருத்தி ஆள் உயரத்துக்கு வந்த பிறகு தலைக்கு மேல் தூக்கி அடிப்பது இன்னும் மோசம். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்த வருஷம் அங்கே செடி அப்படித்தான் வளர்ந்திருந்தது.

'நிறுத்தச் சொல்லிவிட்டீர்கள், சோற்றுக்கு என்ன வழி' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971இல் வந்த விதிகளில் 37ஆவது விதி, மருந்து தெளிக்கிற வேலையில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வேலைக்கு எடுக்கும் முன் மருத்துவப் பரிசோதனை, பிறகு மருந்து தயாரிக்கிற ஆலையில் இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்றால் ஆலையில் இருப்பவர்களுக்கு மாதம் ஒரு முறை கோலினெஸ்டரேஸ். எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்டீர்களே, ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. ஆனால் திங்கள்கிழமை ஒருவர் வயலிலும் செவ்வாய்க்கிழமை இன்னொருவர் வயலிலும் டேங்க் கணக்கில் அடிக்கிற உங்கள் வீட்டுக்காரருக்கு முதலாளி யார்? பரிசோதனைச் செலவை யாரிடம் கேட்பது? வாஷிங்டன் விதியில் எனக்குப் பிடித்தது அந்தச் சதவீதக் கணக்கு அல்ல. எண் குறைந்து ஒருவரை விலக்கினால் 3 மாதம் வரை அவருடைய சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களே, அதுதான். அது இல்லாவிட்டால் எந்தக் கூலிக்காரர் உண்மையான எண்ணைக் காட்ட ஊசிக்குக் கை நீட்டுவார்?

அது இங்கே வரும்வரை, இந்த எட்டு வாரத்துக்கு அவர் வேறு கூலிக்குப் போகட்டும். அறுவடை, மண்வெட்டி வேலை, நூறுநாள் வேலை எதுவானாலும் சரி. மருந்தடித்து ரெண்டு மூணு நாள்கூட ஆகாத வயலில் களை எடுக்கவோ பருத்தி எடுக்கவோ மட்டும் வேண்டாம், இலையில் இருப்பது கையில் ஏறும். உங்கள் சொந்த ஒன்றரை ஏக்கருக்கும் இந்தச் சமயத்தில் அவர் அடிக்கக் கூடாது. அதை எழுதாமல் விட்டால் 'நம்ம காடுதானே' என்று கிளம்பிவிடுவார்.

இடையில் எப்போதாவது வாயில் எச்சில் ஒழுகுவது, உடம்பு தெப்பமாக வியர்ப்பது, மூச்சு இழுப்பது, வாந்தி பேதி, தசை துள்ளுவது, பேச்சுக் குழறுவது இதில் ஏதாவது வந்தால் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்காக ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீர்கள். 108க்குச் சொல்லுங்கள். வண்டி வருவதற்குள் கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொண்டு, உடுத்தியிருப்பதை முழுக்கக் கழற்றி, தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். மோர், இளநீர், புளித்தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். மருந்துப் பாட்டிலையும் அந்தத் துண்டுத்தாளையும் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். மருத்துவமனையில் அறிகுறியைப் பார்த்த உடனேயே ஆட்ரோபின் தொடங்குவார்கள். எண் அப்புறம் வரட்டும்.

முகாமில் கொடுத்த அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் ஒட்டி, பக்கத்தில் தேதியும், அதற்கு முந்தின வாரம் என்னென்ன மருந்து எத்தனை டேங்க் அடித்தார் என்றும் எழுதுங்கள். இனி எடுக்கிற ஒவ்வொன்றையும் அதன் கீழேயே ஒட்டிக்கொண்டு வாருங்கள். அடுத்த வருஷம் ஆனி மாதம், பருத்தி விதைப்பதற்கு முன்னால், இருவரும் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை ரத்தம் கொடுங்கள். இரண்டின் சராசரியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுற்றிலும் கோடு போட்டு வையுங்கள். அதற்குப் பிறகு எந்த முகாமுக்குப் போனாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், அந்த நோட்டை முதலில் நீட்டுங்கள். எட்டு வார ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், எண்ணை மட்டும் எழுதினால் போதும்.